கவிதா ஜன்னலுக்கு மூன்று சைப்ரஸ் செடிகள்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. அஞ்சாம் வகுப்போடு நின்றவள். எழுதிக்கொண்டே வரும்போது சொல்ல வந்தது மறந்தும் போகும். வாராவாரம் படிக்கிற உங்களுக்கு இது புதுசில்லை... பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை என் தங்கை சரோஜா எங்கள் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் சேரைப் போட்டு, தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு, எதிர் டீக்கடையை முறைத்தபடி உட்கார்ந்திருந்தாள். ஏன்? அதைச் சொல்ல, செடியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

எங்கள் வீடு அரியலூர்ப் பக்கம், சுண்ணாம்புக்கல் லாரி போகிற ரோட்டின் மேல். மருமகள் கவிதா முன்னறையில் தையல் மிஷின் போட்டிருக்கிறாள். ஜன்னலோரம் உட்கார்ந்தால்தான் வெளிச்சம். உட்கார்ந்தால் டீக்கடை பெஞ்சில் இருக்கிற ஆம்பிளைகள் பார்வை முழுக்க இவள்மேல்தான். கர்ட்டன் போட்டால் காற்றும் போச்சு, வெளிச்சமும் போச்சு. ஜன்னலைச் சாத்திக்கொண்டு டியூப்லைட்டில் தைத்தால் சாயந்தரம் தலைவலி.

"அத்தை, ஜன்னலுக்கு வெளியில செடி வெச்சா என்ன? இலை கொட்டாத செடியா..." என்றாள்.

பெரம்பலூரில் ஒரு நர்சரிக்குப் போனோம். அங்கே கவிதா கண்ணில் பட்டது ஃபால்ஸ் சைப்ரஸ். நமக்குத் தெரிந்த தூஜா செடிக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி இருக்கும். விசிறியை அடுக்கி வைத்தது போல இலை, தொட்டால் மெத்தென்று இருக்கும்.

நர்சரி அம்மா மறைக்காமல் சொன்னார். "இது குளிர்ல வளர்ற செடிம்மா. நம்மூரு வெயில்ல கைப்புள்ளையாட்டம் பாத்துக்கணும். முடியாதுன்னா தூஜாவே எடுத்துக்குங்க."

கவிதா கேட்பாளா? மூன்று எடுத்தாள்.

இதில் குட்டை ரகமும் உண்டு, முழங்காலோடு நின்றுவிடும். எங்களுக்கு வேண்டியது ஜன்னல் உயரம் வரும் ரகம். அடியிலிருந்து நுனிவரை பச்சையாக இருக்கிறதா, பைக்கு வெளியே வேர் சுருண்டு கிடக்காமல் இருக்கிறதா என்று பார்த்து எடுக்கச் சொன்னார். எடுத்தோம்.

ஜன்னல் கிழக்குப் பார்த்தது. காலை வெயில் இதற்குப் போதும், மத்தியான வெயில் ஆகாது. எங்கள் மண்ணோ சுண்ணாம்பு மண். அதனால் பெரிய தொட்டி வாங்கி, செம்மண், மக்கிய எரு, கொஞ்சம் மணல் கலந்து, மேலே தேங்காய் நார் பரப்பினோம். போர் தண்ணீர் ஊற்றினால் தொட்டி ஓரமெல்லாம் வெள்ளை பூக்கிறது... அதனால் குழாயில் வருகிற கொள்ளிடத் தண்ணீரைப் பிடித்து வைத்து ஊற்றுவாள். லாரி தூசு போக தினமும் காலையில் இலைமேல் தெளிப்பாள்.

மெதுவாகத்தான் வளர்ந்தது. ஆனால் வளர்ந்தது. ஜன்னல் கம்பி மறைந்த அன்று இரண்டு கதவையும் திறந்து வைத்துத் தைத்தாள். அவள் பாட்டு முணுமுணுத்து அன்றைக்குத்தான் கேட்டேன்.

பிறகு சரோஜா வந்தாள். அவள் ஆண்டிமடத்தில் வாழ்க்கைப்பட்டவள். முந்திரிக்காட்டிலேயே காலம் தள்ளுகிறவள். கவிதா லைனிங் துணி வாங்க டவுனுக்குப் போயிருந்தாள். சரோஜா நடுச்செடியை விலக்கிப் பார்த்துவிட்டு, "அக்கா! உள்ளெல்லாம் காஞ்சு கெடக்கு. முந்திரி இப்புடி ஆனா மொட்டையடிச்சு வுட்டுருவோம். மறு மழைக்கு தளதளன்னு வந்துரும்" என்றாள்.

நான் டீ போட்டு எடுத்து வருவதற்குள் அங்கே நடுச்செடி இல்லை. கட்டைதான் நின்றது. அவள் கையில் அரிவாள், முகத்தில் ஒரு திருப்தி.

நர்சரிக்குப் போன் போட்டேன். "ஐயோ, உள்ள வெளிச்சம் போகாம பழுத்திருக்கும்மா. அது வழக்கம். நுனிப் பச்சைய மட்டும்தான் லேசா கிள்ளணும். கட்டை வரைக்கும் வெட்டிட்டா துளுக்காது."

முந்திரி, முருங்கை, வேம்பு... நமக்குப் பழகினதெல்லாம் வெட்ட வெட்டத் துளிர்க்கிறவை. அந்தத் தைரியத்தில்தானே எல்லாவற்றிலும் கத்தியை வைக்கிறோம்? செடியில் மட்டுமா...

கவிதா வந்து பார்த்தாள். "யாரு வெட்டுனது?" என்று ஒரு கேள்விதான். நான் சொன்னதும் ஜன்னலைச் சாத்தினாள். மறுபடி டியூப்லைட், மறுபடி தலைவலி. சரோஜா போன் பண்ணினால் கவிதா பேச மாட்டாள், என்னிடம் நீட்டிவிடுவாள். சரோஜா நலம்கூட விசாரிக்க மாட்டாள். "துளுத்துச்சாக்கா?" என்பதுதான் முதல் வார்த்தை.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டாள். கவிதா தண்ணீர் கொடுத்தாள், வார்த்தை கொடுக்கவில்லை. சரோஜா கட்டையைப் பார்த்தாள். மூடின ஜன்னலைப் பார்த்தாள். எதிர் பெஞ்சைப் பார்த்தாள். சேரை இழுத்து, செடி இருந்த இடைவெளியை அடைத்தாற்போல் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து டீக்கடைக்காரர் குரல் கொடுத்தார். "என்னக்கா, யாரைப் பாக்குறீங்க?"

"ஒங்க பெஞ்சத்தான் தம்பி. அவுங்க எங்க வூட்டப் பாக்கலாம், நான் அவுங்களப் பாக்கக் கூடாதா?"

"டீ கொண்டாரட்டுமா?"

"சக்கரை கம்மியா கொண்டா. பொழுதுக்கும் இங்கதான் இருப்பேன்."

பெஞ்சில் ஒருத்தர் சிரித்தார். இன்னொருத்தர் பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டார். ஒருத்தர் பாதி டீயோடு எழுந்தே போய்விட்டார். கடைசியில் டீக்கடைக்காரரே பெஞ்சைத் தூக்கிப் பக்கவாட்டில், பஸ் வருகிற திசை பார்த்துத் திருப்பிப் போட்டார்.

பின்னால் ஜன்னல் திறக்கிற சத்தம்.

"சின்னத்தை..."

சரோஜா திரும்பவே இல்லை. முந்திரிக்காட்டில் பாம்புக்கே பயப்படாதவள், கவிதா முகத்தைப் பார்க்கப் பயந்தாள்.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்க. வெளிச்சம் மறைக்குது."

அப்புறம் மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டது.

துளிர்க்காது என்று சொல்லியும், ஊருக்குக் கிளம்பும்போது அந்தக் கட்டைக்கு ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் பஸ் ஏறினாள். எனக்கு மனசு கேட்கவில்லை. அதனால், விவரம் தெரிந்த யாராவது இதைச் சரிபார்த்து எழுதுங்கள். கட்டை வரை வெட்டினால் இந்தச் செடி நிஜமாகவே துளிர்க்காதா? நான் எழுதினது தப்பு என்று வந்தால், ஆண்டிமடத்துக்கு முதல் போன் நான்தான் போடுவேன்.