வௌவால் வீட்டு விருந்தாளிகள்

கலாவதி போய்விட்ட செய்தி அமெரிக்காவில் எங்கள் எடிசன் நகரத் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. மாரடைப்பு என்று அவர் கணவர் சேகர் தெளிவாகவே எழுதியிருந்தார். அடியில் வரிசையாகக் கும்பிட்ட கைகள். நடுவே ரமேஷின் கேள்வி: "வௌவால்ல இருந்து ஏதாவது தொத்திக்கிச்சா? அவங்க வீட்டுக்குப் போறது சேஃபா?" அதற்கும் நாலைந்து பேர் கட்டைவிரல் தூக்கியிருந்தார்கள். அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

கலாவும் நானும் ஒரே ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தோம். வௌவால்களின் எச்சிலிலும் எச்சத்திலும் என்னென்ன வைரஸ் இருக்கிறது என்று பார்ப்பது அவர் வேலை. மனிதரைச் சாய்த்துவிடும் சில வைரஸ்கள் வௌவாலைப் பெரிதாக ஒன்றும் செய்யாமல் அதன் உடம்பிலேயே காலம் தள்ளுகின்றன. "அது பாட்டுக்கு அங்க குடியிருக்கு. நாமதான் காட்டை வெட்டி அதோட கதவைத் தட்டிட்டு, ஐயோ வந்துடுச்சேன்னு அலறுறோம்" என்பார். கையுறை இல்லாமல் அவர் எதையும் தொட்டதில்லை. அவருக்கு வௌவால்மேல் பயம் உண்டு, வெறுப்பு கிடையாது.

அவர் வீட்டு நாற்காலிகளில் எப்போதும் புத்தகங்கள்தான் உட்கார்ந்திருக்கும். "வௌவால் வீட்டுக்கு விருந்தாளி வந்தா என்ன? நானும் தொங்கறேன், நீங்களும் தொங்குங்க" என்று சிரித்து, காபியைக் கையில் கொடுத்து, நிற்கவைத்தே பேசுவார்.

ரமேஷுக்கு மறந்திருக்கலாம், எனக்கு மறக்கவில்லை. அவர் மகள் அனு சின்னக் குழந்தையாக இருந்தபோது, அவள் தூங்கிய அறைக்குள் ஒரு வௌவால் புகுந்தது. வீட்டுக்குள் வௌவால் வந்தால் ஆகாது என்று பதறி, துண்டை வீசி ஜன்னல் வழியே விரட்டி, உப்பு சுற்றிப் போட்டிருக்கிறார்கள். மறுநாள், ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் பாட்லக் விருந்தில் ரமேஷ் பெருமையாகச் சொன்னார்: "கொல்லாம அனுப்பிட்டோம், அக்கா."

கலா தட்டைக் கீழே வைத்தார். "அனுப்பிட்டீங்களா? பிடிச்சு வெச்சிருந்தா டெஸ்ட் பண்ணியிருக்கலாமே! அதுக்கு ரேபிஸ் இருந்தா?"

"காயமே இல்லையே, அக்கா."

"அதோட பல் ஊசி மாதிரி, ரமேஷ். கடிச்ச தடமே தெரியாது. நோய் தெரியிறப்ப காப்பாத்த முடியாது. கிளம்புங்க, நான் டிரைவ் பண்றேன்."

அனுவுக்குத் தடுப்பூசி போட்ட ஒவ்வொரு முறையும் கலாவும் கூடப் போனார். அந்த வௌவாலுக்கு நோய் இருந்ததா என்று கடைசிவரை யாருக்கும் தெரியாது.

இப்போது கல்லூரியில் படிக்கும் அனு நேற்று என்னைக் கூப்பிட்டாள். "அங்கிள், அப்பாகிட்ட பேசிட்டேன். ஷி ஹெல்ட் மை ஹேண்ட், எவ்ரி டைம்" என்று அழுதாள். ரமேஷ் கேள்வியை அழித்துவிட்டார். ஆனால் சேகர் அதற்கு முன்பே படித்துவிட்டார். "யாரும் வரலேன்னாலும் பரவால்லப்பா" என்றார் என்னிடம். எனக்கு ஆத்திரமாக வருகிறது.

கலாவிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது அவருடைய பயத்தைத்தான். அது கையுறை மாட்டிக்கொண்டு கிட்டே போகிற பயம். நமக்கு இருப்பது ஓடுகிற பயம்.

சனிக்கிழமை காலை துக்கம் விசாரிக்க நான் சேகர் வீட்டில் இருப்பேன். அனுவும் அவள் அப்பாவும் வருகிறார்கள். நாற்காலிகளில் இன்னும் புத்தகங்கள்தான் இருக்கின்றன. குழுவில் இருக்கிற எல்லோரும் வாருங்கள், தொங்குவோம்.