சொட்டு வளர்த்த செடி

அந்தத் தெருவில் 'சொட்டு' என்றால் குழாய் வேலைக்காரர்தான். புதிதாகக் குடிவந்தவர்கள் பெயரைக் கேட்டுவிட்டு வழுக்கைத் தலையைத் தேடுவார்கள். சொட்டை அல்ல ஐயா, சொட்டு. தலைமுடியெல்லாம் இந்த வயதிலும் புதராக மண்டிக் கிடக்கிறது. எங்கேயாவது ஒரு குழாய் சொட்டுச் சொட்டென்று வடிந்தால் மனுஷனுக்கு இருப்புக் கொள்ளாது. துக்கம் விசாரிக்கப் போன வீட்டில் வாஷர் மாற்றிவிட்டு வந்த ஆள். அதனால் வந்த பெயர். அதைப் பட்டம் வாங்கியதுபோல் அவரும் வைத்துக்கொண்டார்.

அவருக்கு ஒரே மகள். அவள் கண் விழிக்குமுன் பையைத் தூக்கிக்கொண்டு போனவர், அவள் தூங்கிய பிறகு திரும்பியே காலம் ஓடிவிட்டது. "பிள்ளைய வளத்தது நான். நீங்க வளத்தது குழாயத்தான்" என்பாள் மனைவி. சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் அவருக்குச் சுருக்கென்று தைக்கும். சொல்வது உண்மையாயிற்றே.

மகளுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. கிளம்புகிற அன்று ஒரு தொட்டிச்செடியோடு வந்து நின்றாள். செடிக் கடையில் வேண்டாமென்று ஓரமாக ஒதுக்கிப் போட்டிருந்தார்களாம். நாலு குச்சி, ஆங்காங்கே முள், பேருக்குச் சில மஞ்சள் இலைகள். பூக்கிற செடி என்பதுவரை கடைக்காரருக்குத் தெரிந்திருந்தது. என்ன பூ என்பது அவருக்கே மறந்துவிட்டிருந்தது.

அம்மா வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினாள். மகள் அவளைத் தாண்டிப் போய் அப்பாவிடம் கொடுத்தாள்.

"இத நீங்கதான்பா பாத்துக்கணும். நான் லீவுக்கு வரப்ப பூ இருக்கணும்."

"இவரா? செடி பாவம்டி" என்றாள் மனைவி.

"சரி பாப்பா" என்று சொட்டு சொல்லிவிட்டார். மகள் தன்னை நம்பி ஒன்றைக் கொடுத்தது அதுதான் முதல் தடவை என்பது அவள் வண்டி ஏறிய பிறகுதான் அவருக்கு உறைத்தது.

சமையலறைக்குப் பின்னால், குழாயடிக்குப் பக்கத்தில் தொட்டியை வைத்தார். வெயில் எட்டிப் பார்க்காத மூலை. ஆனால் தண்ணீர் கைக்கெட்டும் தூரம். ஒரு வாளி ஊற்றினார். சற்று நேரத்தில் தரையில் சொட்டு, சொட்டு. பதறிப்போய்த் தொட்டியைச் சாய்த்துப் பார்த்தால் அடியில் விரல் நுழைகிற ஓட்டை! பாவம், பிள்ளையை ஏமாற்றி ஓட்டைத் தொட்டியைத் தலையில் கட்டிவிட்டான் கடைக்காரன் என்று பொருமினார். பையிலிருந்து அடைப்புப் பசையை எடுத்துப் பிசைந்து, கட்டைவிரலால் அழுத்தி, காய விட்டு, மறுபடியும் தண்ணீர் ஊற்றிச் சோதித்தார். ஒரு பொட்டு ஒழுகவில்லை. மனைவி பார்த்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பாள். அவளோ, மகள் போன ஏக்கத்தில் உள்ளே படுத்திருந்தாள்.

காலையும் மாலையும் தண்ணீர் தவறவில்லை. செடி நாளுக்கு நாள் வாடியது. என்ன செடி என்று தெரிந்தாலாவது வைத்தியம் பார்க்கலாம். எதிர்வீட்டுத் தையல்காரர் முள்ளைப் பார்த்துவிட்டு ரோஜா என்று அடித்துச் சொன்னார். மாடிவீட்டு வாத்தியார் எலுமிச்சை என்றார். இலையைக் கசக்கி முகர்ந்தால் எலுமிச்சை வாசனையே இல்லை. கைப்பேசியில் படம் பிடித்துக் கேட்டால், அது காலையில் ஒரு பெயரும் மாலையில் ஒரு பெயரும் சொன்னது. கடைசியில் உதிர்ந்த இலை ஒன்றையும் முள்ளோடு ஒரு காய்ந்த குச்சியையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, போகிற இடமெல்லாம் விசாரிக்க ஆரம்பித்தார்.

"ஊருக்கே தண்ணி விடுறவருக்கு ஒரு செடி தண்ணி காட்டுது பாரேன்" என்றாள் மனைவி. அவருக்குச் சிரிப்பு வரவில்லை. மகள் போனில் கேட்கும்போதெல்லாம், "இருக்கு பாப்பா" என்று மட்டும் சொல்லிச் சமாளித்தார். பிள்ளையைத்தான் பக்கத்திலிருந்து வளர்க்கவில்லை, அவள் கொடுத்த குச்சியையும் சாகவிட்டால் அவள் முகத்தில் எப்படி விழிப்பது என்கிற பயம் அவரைப் பிடித்து ஆட்டியது.

அப்போதுதான் ஒரு வீட்டில் தோட்டத்துக் குழாய் மாற்றக் கூப்பிட்டார்கள். எத்தனையோ தடவை போய் வந்த வீடு. குழாயைத் தவிர எதையும் ஏறெடுத்துப் பார்க்காத ஆள் அன்றைக்குத்தான் மதில்சுவரைப் பார்த்தார். சுவர் தெரியாதபடி இளஞ்சிவப்பாகப் பூத்துக் குலுங்கிக்கொண்டிருந்தது காகிதப்பூ. சட்டைப் பையிலிருந்ததை எடுத்துக் கொடியோடு வைத்துப் பார்த்தார். அதே இலை. அதே முள்.

"அம்மா, இதுக்கு ஒரு நாளைக்கு எத்தன வாளி ஊத்துறீங்க?"

வீட்டுக்கார அம்மா சிரித்துவிட்டார். "வாளியா? நான் ஊத்துறதே இல்லண்ணே. மழை பெஞ்சா குடிக்கும். இதுக்கு வெயில்தான் சோறு. வேர்ல தண்ணி நின்னுச்சோ, அழுகிப்போயிரும்."

சொட்டுக்கு முகம் வெளுத்தது. வேலையை முடித்த கையோடு வீட்டுக்கு ஓடிவந்து, தொட்டி மண்ணில் விரலை விட்டு முகர்ந்தார். அந்த நாற்றம் அவருக்கு அத்துப்படி. ஊரெல்லாம் சாக்கடைக் குழாய்களில் அவர் முகர்ந்து முகர்ந்து பழகிய நாற்றம்.

"அடைப்பு!" என்று கத்தினார்.

"எங்க?" என்று ஓடிவந்தாள் மனைவி.

"இங்கதான். அடைச்சவனும் நான்தான்."

உளி வைத்துப் பசையைத் தட்டி எடுத்தார். கறுப்புத் தண்ணீர் கொடகொடவென்று கொட்டியது. செடியைப் பிடுங்கி, கொழகொழவென்று அழுகிய வேர்களை நறுக்கித் தள்ளினார். மணல் கலந்த புது மண்ணில், ஓட்டை திறந்த அதே தொட்டியில் நட்டு, மொட்டைமாடியில் நல்ல வெயிலில் கொண்டுபோய் வைத்தார். மனைவி திட்டுவாள் என்று காத்திருந்தார். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு கை கழுவச் சோப்பு எடுத்துக் கொடுத்தாள்.

அதற்குப் பிறகுதான் இருந்தது உண்மையான பாடு. சும்மா இருக்க வேண்டும். மண் காயும்வரை தண்ணீர் கூடாது. குழாயும் கையுமாகவே வாழ்ந்தவருக்கு அதைவிடப் பெரிய தண்டனை உண்டா? தினமும் மாடிக்குப் போவார், மண்ணைத் தொட்டுப் பார்ப்பார், கை துறுதுறுக்கும், பின்னால் கட்டிக்கொண்டு இறங்கிவிடுவார். மகளின் லீவு நெருங்கிக்கொண்டிருந்தது. ஒருநாள் குச்சியில் பச்சையாக ஒரு முளை கண்டது. சிறுபிள்ளைபோல் மனைவியை மாடிக்கு இழுத்துப் போய்க் காட்டினார்.

முளைகள் கிளைகளாயின. ஆனால் மகள் வருவதற்குச் சில நாள் முன்பு நுனி இலைகள் சிவக்கத் தொடங்கின. புது நோய்! கத்தரிக்கோலோடு குனிந்தவர், மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்து பார்த்தார். சிவந்த மூன்று இலைகளுக்கு நடுவில் வெள்ளையாக, கடுகளவு, ஒரு பூ வாய் திறந்திருந்தது. சிவப்பெல்லாம் இலைதான், பூ அதற்குள்ளே இருக்கிறது. கத்தரிக்கோலை அங்கேயே வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மகள் வந்ததும் பையைக்கூட இறக்காமல் மாடிக்கு ஏறினாள். தொட்டி கொள்ளாமல் நிறம்.

"அம்மா, நீயா பாத்துக்கிட்ட?"

"நான் தொடக்கூட இல்லடி" என்றாள் மனைவி. பக்கத்து மாடியில் துணி காயப்போட்டவர்களுக்கும் கேட்கட்டும் என்று குரலை உயர்த்திச் சொன்னாள்: "உங்கப்பா வளத்தது!"

சொட்டு செம்பை எடுத்தார். மண் காய்ந்திருப்பதைத் தொட்டுப் பார்த்துவிட்டு நிதானமாக ஊற்றினார். கொஞ்ச நேரத்தில் தொட்டியின் அடியிலிருந்து தரையில் விழுந்தது. சொட்டு, சொட்டு.

மகளுக்கு அப்பாவின் குணம் தெரியும். அவசரமாகத் துணியைத் தேடினாள். "அப்பா, ஒழுகுதுப்பா!"

சொட்டு நிமிர்ந்து நின்று இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

"ஒழுகட்டும் பாப்பா."