மூன்றாவது உயிர்

டிகரி கெஸிலுக்குச் சொந்தமாக ஒரு பிடி மண் கிடையாது. ஆனால் பக்கத்து வீட்டு ஹாக்கிங் குடும்பத்தின் ஒன்பது ஏக்கரும் அவர் மூச்சில்தான் நின்றது.

எங்கள் கார்ன்வால் கரையில் குத்தகையை வருஷக் கணக்கில் எழுதுவதில்லை. மூன்று பேரின் பெயரை எழுதுவார்கள்; அவர்களில் ஒருவர் இருக்கும்வரை குத்தகை நிற்கும். அவர்களை உயிர்கள் என்போம். மூன்றாவது உயிரும் போனால் நிலமும் வீடும் பிரபுவுக்குத் திரும்பிவிடும். கிழவர் ஹாக்கிங் தன்னையும் மகனையும் எழுதிவிட்டு, அப்போது ஊரிலேயே கொழுத்த குழந்தை, நெடுநாள் இருப்பான் என்பதால் டிகரியையும் சேர்த்தார். உறவுகூட இல்லை.

கிழவர் மூப்பில் போனார். மகன் பாறையில் கடற்பறவை முட்டை எடுக்கப் போய் விழுந்தார். மீதி டிகரி, மத்தி பிடிப்பவர், குடிப்பவர். மகனின் விதவை டாம்சின் விடிந்ததும் அவர் புகைபோக்கியைப் பார்ப்பாள். புகை வந்த பிறகுதான் மாட்டை அவிழ்ப்பாள். காற்று வலுத்தால் அவருடைய துடுப்புகளைத் தன் கொட்டிலில் பூட்டிவிடுவாள்.

"துடுப்பைக் குடும்மா, மீன் வந்திருக்கு."

"மீன் நாளைக்கும் வரும்ண்ணே."

"உன் புருசனக்கூட நீ இப்படிப் பாத்துக்கல."

"அவரு போனப்ப நீங்க இருந்தீங்க. நீங்க போனா யாரு இருக்கா?"

அறுபத்து மூன்றாம் வயதில், மார்ச்சில், டிகரிக்கு நெஞ்சில் சளி கட்டியது. பிரபுவின் காரியஸ்தர் குதிரையில் வந்து நலம் விசாரித்தார். போகும் வழியில் வயலையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

உயிர் போகுமுன் விதைத்ததை விதைத்தவரே அறுத்துக்கொள்ளலாம் என்பது வழக்கம். டாம்சின் இன்னும் பார்லி விதைக்கவில்லை. நிலம் சேறாகக் கிடந்தது.

"எத்தன நாள் வேணும்?" என்றார் டிகரி.

"மழ விட்டா பத்து."

"டாக்டர் நாலுன்னாரே."

"அவரு என்னைக்கு விதைச்சாரு?"

ஆட்டுச் சாறு புகட்டினாள். மூன்றாம் நாள் மழை விட்டது. படுக்கையிலிருந்தே ஏர் ஓட்டும் சத்தத்தை அவர் கேட்டுக்கொண்டிருந்தார். பன்னிரண்டாம் நாள் கேட்டார்:

"முடிஞ்சுதா?"

"கடலோரத் துண்டு பாக்கி."

"அதுல பாதி கல்லு. விட்டுத் தொல."

"மீதி பாதி மண்ணுதானே. பேசாமப் படுங்க."

படுத்தார். மறுநாள் மாலை அந்தத் துண்டும் முடிந்தது. அதற்கு அடுத்த நாள் காலை செத்துப்போனார்.

காரியஸ்தர் மதியமே வந்து வயலில் கால் வைத்தார்.

"விதை கெடக்கு," என்றாள் டாம்சின். "ஓரமா நடங்க."

ஓரமாக நடந்தார்.

ஆகஸ்டில் அறுத்தாள். சுமாரான விளைச்சல். செப்டம்பரில் வீட்டைக் காலி செய்தாள்.