எதை முதலில் ஆன் செய்வது

என்னைவிட இரண்டு வருடம் கழித்து வேலைக்குச் சேர்ந்தவளுக்குப் பல்லடம் மில் வேலையைக் கொடுத்தபோது, காரணங்களை என் நோட்டில் வரிசையாக எழுதிப் பார்த்தேன். ஒன்று, வாடிக்கையாளரிடம் சிரித்துப் பேசுவாள். இரண்டு, தெரியாததைத் தெரியாது என்பாள், அதையும் அழகாகச் சொல்வாள். மூன்று என்று எண்ணை மட்டும் போட்டுவிட்டு நோட்டை மூடினேன். அவளைவிட எனக்கு வேலை நன்றாகத் தெரியும் என்பதை எந்த எண்ணுக்குக் கீழே எழுதுவது?

கோயம்புத்தூரில் எங்களுடையது சின்ன நிறுவனம். மில்களுக்கும் பள்ளிகளுக்கும் நெட்வொர்க் அமைத்துக் கொடுப்போம். பல்லடம் வேலையை ஒழுங்காக முடித்தால் அடுத்து வரும் ஆஸ்பத்திரி வேலையும் அவளுக்குத்தான் என்று மேலாளர் சொல்லியிருந்தார். அந்த ஆஸ்பத்திரிக்காக நான் ஒரு வருடமாகக் காத்திருந்தேன்.

மில்லில் நான்கு நெட்வொர்க் ஸ்விட்ச், கம்ப்யூட்டர், கேமரா எல்லாவற்றையும் இணைக்கும் பெட்டிகள். ஒரே ரேக்கில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பின்பக்கம் கேபிள்களால் வளையமாக இணைத்துவிட்டால், நான்கும் ஒரே ஸ்விட்ச் போல வேலை செய்யும். ஒன்று தலைமை, மற்றவை அதன் அமைப்பை வாங்கிக்கொள்ளும். அவள் போட்ட திட்டத்தாள் சுத்தமாக இருந்தது. மேலே இருப்பதில் முழு அமைப்பும், அதாவது கான்ஃபிகரேஷன்; தலைமை எதற்கென்று முடிவுசெய்யும் எண்ணிலும் அதற்கே உயர்ந்த மதிப்பு. அடியிலிருந்து மேலே திரும்பும் கேபிள் மட்டும் நீளமானது. மின்சாரம் இரண்டு யூபிஎஸ்களில் பிரித்து. ஒரே ஒரு வரி மட்டும் இல்லை: எதை முதலில் ஆன் செய்வது. ஒன்றும் ஏற்றாத புது ஸ்விட்ச் முதலில் விழித்துத் தலைமையாகிவிட்டால், பிறகு வருவது எவ்வளவு உயர்ந்த மதிப்போடு வந்தாலும் அடங்கித்தான் போகும். முதலில் வந்ததற்கே தலைமை. எங்கள் அலுவலகத்தில் அந்த விதி இல்லை.

'சரிபார்த்தவர்' கட்டத்தில் கையெழுத்துப் போட்டேன். விட்டுப்போன வரியைப் பற்றி வாய் திறக்கவில்லை. நான்கையும் ஒன்றாகத்தானே போடுவாள் என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மில் ஓடாமல் நிற்பது ஆயுத பூஜைக்குத்தான். அவளுக்குத் துணையாக நானும் போய், அன்று ரேக்கில் எல்லாவற்றையும் பொருத்தி முடித்தோம். தறி, லாரி, எடை மேடை என்று சந்தனம் வைத்துக்கொண்டே வந்தவர்கள் ஸ்விட்ச்களுக்கும் வைத்தார்கள். மறுநாள் காலை நல்ல நேரத்தில் முதலாளியின் மனைவி கற்பூரத் தட்டோடு வந்தார். ரேக்கின் ஓரத்தில் வரிசையாக நான்கு பிளக் பாயின்ட்.

"எதைப் போடோணும் அம்மணி?"

"எதுன்னாலும் போடுங்கம்மா, எல்லாம் ஒண்ணுதானுங்க" என்றாள் அவள்.

அவர் கைக்கு எட்டிய கடைசி பட்டனைப் போட்டார். அடியிலிருந்த ஸ்விட்ச். அதற்குக் கற்பூரம் காட்டி, எல்லோரும் தொட்டுக் கும்பிட்டு, போட்டோ எடுத்து முடிக்கப் பத்து நிமிடம் ஆனது. நான் ஓரமாக நின்று, அது தலைமையாகிப் பச்சை விளக்கு நிலைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்ல அப்போதும் நேரம் இருந்தது.

மற்ற மூன்றையும் போட்டபோது கேமரா வரவில்லை, எடை மேடை வரவில்லை, ஆபீஸில் பில் போட முடியவில்லை. லேப்டாப்பைப் பார்த்த அவள் முகம் வெளுத்தது. நான் எதிர்பார்த்திருந்த முகம்தான். ஆனால் அவள் வேறு யாரையும் பார்க்காமல் நேராக என்னைப் பார்த்தாள்.

"எல்லாத்தையும் ஆஃப் பண்ணு. மேல இருக்கறத மட்டும் போடு. அது முழுசா எந்திரிக்கட்டும்" என்றேன். காலியாகிப்போன அமைப்பை லேப்டாப்பில் இருந்த பிரதியிலிருந்து மறுபடி ஏற்றினோம். அரை மணி நேரத்தில் எல்லாம் வந்துவிட்டது.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமாக்கா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"இப்பத்தான் தோணுச்சு."

முதலாளி என்ன ஆச்சு என்று விசாரித்தபோது அவள் தயங்கவே இல்லை. "நாந்தானுங்க, வரிசைய எழுதாம விட்டுப்போட்டேன். அக்காதான் புடிச்சாங்க."

மேலாளரிடமும் அப்படியே சொல்லியிருக்கிறாள். சரிபார்த்தவர் கையெழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆஸ்பத்திரி வேலை எனக்கு வந்தது. வாழ்த்துச் சொல்ல அவள்தான் முதலில் வந்தாள். வாங்கி வந்த பன் பட்டர் ஜாமில் பாதியை எனக்குக் கொடுத்தாள்.

இப்போது என் மேஜையில் ஆஸ்பத்திரித் திட்டத்தாள் இருக்கிறது. முதல் வரியிலேயே ஆன் செய்யும் வரிசை. சரிபார்த்தவர் கட்டம் மட்டும் இன்னும் காலி. அதில் கையெழுத்துப் போட வேண்டியவள் அவள். இரண்டு நாளாகத் தாளைக் கொண்டுபோகாமல் வைத்திருக்கிறேன். ஏதாவது விட்டுப்போயிருந்தால் பார்த்த உடனே சொல்லிவிடுவாள். அது அவளுக்கு ஒரு சிரமமே இல்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.