பால் போகிற இடம்

அந்தக் குடியிருப்பில் அவளுக்கு 'ஏன் அக்கா' என்று பெயர். வீடு வீடாகப் போய்க் கைக்குழந்தைகளை எடை போட்டு அட்டையில் குறிக்கிற சுகாதாரப் பணியாளர். பதினாலு வருஷமாக நாலு மாடி ஏறி இறங்கியும் அந்த வாய் ஓயவில்லை. ஏன் இருமுகிறது, ஏன் ஜன்னல் மூடியிருக்கிறது, ஏன் அப்பனுக்கு முகம் தொங்குகிறது? பதில் கிடைக்காவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

இப்போது மண்டையைக் குடைந்தது மூன்றாம் மாடித் தையல்காரியின் நாலு மாதக் குழந்தை. மூன்று வாரமாகத் தராசு முள் அசையவில்லை. காய்ச்சல் இல்லை, பேதி இல்லை, டாக்டரும் பார்த்தாயிற்று. போன வருஷம் இப்படி வற்றி வற்றியே ஒரு குழந்தையை இதே தெருவில் பறிகொடுத்திருந்தார்கள்.

"எத்தனை தடவை குடுக்கிறே?"

"ஏழு தடவைக்கா. எனக்குத்தான் பால் வத்திப்போச்சே, டப்பாப் பால்தான். ஒரு சொட்டு மிச்சம் வைக்க மாட்டா."

அப்படியானால் குடிக்கிற பால் எங்கேதான் போகிறது?

"வாயால சொன்னது போதும். என் கண்ணு முன்னாடி கலக்கு."

தையல்காரி கை கழுவினாள். ஆறிய வெந்நீரைப் பாட்டிலில் கோடு வரை ஊற்றினாள். டப்பாவில் போட்டிருந்தபடியே நாலு கரண்டி பொடி. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஏன் அக்காவுக்கு எரிச்சலாக வந்தது. அந்தப் பிளாஸ்டிக் கரண்டியை வாங்கிப் புரட்டினாள்.

"இது ஏண்டி இப்படி நெளிஞ்சு கிடக்கு?"

"முதல் டப்பாவோட வந்ததுக்கா, அதையேதான் வெச்சிருக்கேன். தினம் பாட்டிலோட சேர்த்துக் கொதிக்க வைக்கிறேன்ல."

ஏன் அக்கா கீழ்க்கடைக்கு ஓடிப் புது டப்பா ஒன்று வாங்கி வந்தாள். புதுக் கரண்டி நிறையப் பொடியை அள்ளிப் பழையதில் கொட்டினாள். பாதிக்குப் பாதி வெளியே வழிந்தது. கொதிநீரில் கரண்டி சுருங்கிச் சுருங்கி, குழந்தை இத்தனை நாளும் பாதிப் பொடி போட்ட தண்ணீர்ப் பாலைத்தான் குடித்துக்கொண்டிருந்திருக்கிறது.

"அடப் பாவி! எந்த மடச்சி இதைக் கொதிக்க வைக்கச் சொன்னா?"

தையல்காரி மிரண்டுபோனாள். "நீங்கதானேக்கா. குழந்தை பால்ல படுறது எதுவானாலும் கொதிக்க வைன்னீங்க."

ஏன் அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சொன்னதுதான். வாசலுக்கு வாசல் நின்று அதட்டிச் சொன்னதுதான்.

"மடச்சி நான்தான்டி. உன் மேல தப்பே இல்ல," என்றாள்.

புதுக் கரண்டியில் கலந்த பாலைக் குழந்தை குடித்து முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தாள். பிறகு நோட்டைப் பிரித்து, டப்பாப் பால் கொடுக்கும் வீடுகளை எண்ணினாள். பதினொன்று. பக்கத்துக் கதவைத் தட்டி, கரண்டியைக் காட்டச் சொன்னாள்.

அந்த வீட்டுப் பெண் பெருமையாகச் சிரித்தாள். "இப்பத்தான்க்கா கொதிக்க வெச்சு எடுத்தேன், நீங்க சொன்ன மாதிரியே."