இஞ்ச் டேப் சார்

குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பக்கத்து வீட்டு வேலிச்செடியின் உயரத்தை அளந்துகொண்டிருக்கிறார். ஒரே ஒரு இலை மட்டும் டேப்பைத் தாண்டித் தலை நீட்டுகிறது. அதைக் கிள்ளி, தரையில் போடாமல் சட்டைப்பைக்குள் போட்டுக்கொள்கிறார். “இப்ப சரியாப் போச்சு” என்று செடியிடமே சொல்கிறார்.

இந்தக் குடியிருப்பின் வீட்டு உரிமையாளர் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். எடை, அளவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கடைக்காரர்களின் தராசை மேய்ந்த கண், இப்போது கதவின் நிறம், கால்மிதியின் அகலம், திரைச்சீலையின் மடிப்பு என்று மேய்கிறது. இங்கே எல்லோருக்கும் அவர் ‘இஞ்ச் டேப் சார்’. முதுகுக்குப் பின்னால்தான்.

ஆளைப் பார்த்தால் கோபம் வராது, அதுதான் தொல்லையே. மெல்லிய குரல், வாய் நிறையச் சிரிப்பு. யாரையும் அதட்டியதில்லை. வாசலில் நின்று, சரியில்லாத பொருளையே பார்த்துக்கொண்டிருப்பார். வீட்டுக்காரர் வெளியே வந்து அசடு வழிகிறவரை நகரமாட்டார். “நான் ஒண்ணும் சொல்லலையே சார்” என்பார். உண்மைதான், ஒன்றும் சொல்லியிருக்கமாட்டார்.

இங்கே ஒரு வீடு விலைக்கு வந்திருந்தது; அதை வாங்கும் யோசனையில் சில ஞாயிற்றுக்கிழமைகள் அவர் கூடவே சுற்றினேன். அவர் தெருவில் இறங்கினால், நாலு வீடு தள்ளி ஜன்னல்களில் கைகள் தெரியும். திரையை இழுத்து, மடிப்பைச் சரிசெய்துவிட்டு மறைந்துவிடும். முகம் தெரியாது. தெருமுனைப் புல்வெளியில் பிள்ளைகள் பந்து விளையாடினார்கள். கோல் விழுந்தது. அத்தனை பேரும் கையைத் தூக்கினார்கள், வாயைத் திறந்தார்கள். சத்தமே வரவில்லை.

“என்ன சார் இது? பிள்ளைங்களைக் கத்தக் கூடாதுன்னு சொல்லிட்டீங்களா?”

“சேச்சே! அப்படி விதியே கிடையாது. அதுங்களாவே பழகிடுச்சுங்க.”

வாங்குமுன் எல்லோரும் கேட்கிறதை நானும் கேட்டேன். பால்கனியில் துணி காயப்போடலாமா? “உள்ளதான் சார் காயணும்.” நாய் வளர்க்கலாமா? “தாராளமா. குரைக்கக் கூடாது, அவ்வளவுதான்.” நாங்கள் குடிவந்த பிறகு விதிகள் மாறுமா? அதற்கு மட்டும் கொஞ்சம் யோசித்தார். “மாறும். ஆனா சங்கக் கூட்டத்துல நாமதானே சார் கை தூக்கறோம்!”

என் மனைவி அந்த வீட்டின் சமையலறை ஜன்னலில் சொக்கிப்போய்விட்டாள். என் கவலையெல்லாம் அக்காதான். அப்பா அம்மா போனபிறகு என்னை ஆளாக்கியவள். கல்யாணம் வேண்டாம் என்று எங்களோடேயே இருப்பவள். அவள் சிரித்தால் நாலு வீட்டுக்குக் கேட்கும். அவள் இல்லாத வீடு எவ்வளவு பெரிய வீடாக இருந்தாலும் எனக்கு வேண்டாம். போன ஞாயிறு மாலை அவளையும் அழைத்துக்கொண்டு செயலாளர் வீட்டுக்குப் போனேன்.

அவர் மனைவி வெறுங்காலுடன் டீ கொண்டுவந்தார். கோப்பை சாஸரில் உட்காருகிற ஓசைகூடக் கேட்கவில்லை. பிறகு இன்னொரு கோப்பையைத் தட்டால் மூடி, மாடிப்படி ஏறினார். நான் பார்த்ததைச் செயலாளர் பார்த்துவிட்டார். “மாடியில செடி வச்சிருக்கோம்” என்றார். தட்டின் ஓரமாக ஆவி பறந்துகொண்டிருந்தது.

அக்காவுக்குச் சுற்றிவளைத்துப் பேச வராது. “சார், நான் இவனோட அக்கா. இங்க இவங்களோட நான் இருக்கலாமில்ல?”

அவர் சிரிப்பு கொஞ்சமும் மாறவில்லை. “புருஷன், பொண்டாட்டி, பிள்ளைங்க, பெத்தவங்க. இவ்வளவுதாம்மா குடும்பம். மத்தவங்க விருந்தாளி. விருந்தாளி வரலாம். போயிடணும்.”

“நல்லா இருக்கே கதை! கூடப்பிறந்தவ விருந்தாளியா?”

“தெருக்கோடி வீட்டுக்காரர், சொந்தக்காரங்கன்னு சொல்லிக் கண்டவங்களையும் தங்க வச்சாரும்மா. அதை நிறுத்தத்தான் இந்த விதி. கொண்டுவந்ததே நான்தான். முதல் ஆளா கை தூக்கினேன். வீட்டுக்கு வந்தப்புறம்தான்...” டேப்பைக் கொஞ்சம் இழுத்து, விட்டார். “வீட்டுக்கு வந்தப்புறம்தான் உறைச்சது.”

“ஏன், உங்களுக்குக் கூடப்பிறந்தவங்க இருக்காங்களா?”

“ஒரு தங்கச்சி. எங்களோடதான் இருந்தா.”

“இப்ப எங்க?”

“விதி வந்துடுச்சேம்மா.”

அக்கா கோப்பையை ‘ணங்’கென்று வைத்தாள். “எந்திரிடா. இதைவிட நல்ல ஜன்னலா உன் பொண்டாட்டிக்கு நானே பார்த்துத் தரேன்.” பாவம், என் மனைவி வருத்தப்படுவாள். ஆனாலும் எனக்கு அப்பாடா என்றிருந்தது. எழுந்தேன்.

அப்போது மாடியில் ஒரு பெண் இருமினாள். தலையணையில் முகத்தை அழுத்திக்கொண்டு இருமுகிற இருமல். செயலாளரின் மனைவி இறங்கிவந்துகொண்டிருந்தார். பாதிப்படியில் அப்படியே நின்றுவிட்டார்.

“மேல யாருங்க?” என்றாள் அக்கா. அவள் குரல் முதன்முறையாகத் தாழ்ந்திருந்தது.

மறுபடியும் அந்த இருமல் வந்தது.

இஞ்ச் டேப் சார் எங்களை நேருக்கு நேர் பார்த்தார். மாடியில் கேட்டதும் தன் இருமல்தான் என்பதுபோல, கையை மடக்கி வாயருகே கொண்டுபோய், அதே மெல்லிய பெண் குரலில், இரண்டு முறை இருமினார்.