புது சிடியில் சாமை விளையுமா

சேலத்துக்கு மேலே, மலையில் ஒண்டிக்கடை என்ற ஊரில் ஒரு பாய் கடையில் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு முப்பது வயது. தொண்ணூறுகளின் கடைசி. அதற்குள் லாரி கிளீனர், செங்கல் சூளை, ஓசூரில் ஒரு ஓட்டல், கொட்டச்சேடு பக்கம் ஒரு எஸ்டேட்டில் காப்பிக்கொட்டை காயவைக்கிற களம் என்று பலதும் பார்த்தாகிவிட்டது. எங்கேயும் ஒரு வருடம் தாண்டியதில்லை. பெரிய காரணம் எதுவும் கிடையாது. கால் ஓரிடத்தில் நிற்காது, அவ்வளவுதான்.

கடையில் எஸ்.டி.டி. பூத், ஜெராக்ஸ், மனு டைப் அடிக்க ஒரு கம்ப்யூட்டர். சேலத்தில் அதைப் பொருத்திக் கொடுத்தவன் ஒரு விளையாட்டையும் உள்ளே போட்டுக் கொடுத்திருந்தான். ஆட்களை விட்டு மரம் வெட்ட வேண்டும், வயல் போட வேண்டும், கோட்டை கட்டிப் படை திரட்டி அடுத்த ராஜ்ஜியத்தைப் பிடிக்க வேண்டும். நான் ஆறாவதோடு பள்ளியை விட்டவன். இங்கிலீஷ் எழுத்துகள் தனித்தனியாகத் தெரியும். சேர்ந்து நின்றால் சொல் தெரியாது. விளையாட்டுக்கு அது தேவைப்படவில்லை. எந்தப் படத்தை அழுத்தினால் என்ன நடக்கும் என்று கை பழகிவிட்டது. மழை பெய்து ஆள் வராத பகலில் பாயே, “ஏப்பா, உன் ராஜ்ஜியத்தைத் தொறயேன்” என்பார்.

வாழவந்தியிலிருந்து ஒரு விவசாயி புதன்கிழமைதோறும் வருவார். ஐம்பது வயதிருக்கும். திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கும் மகனுக்குப் போன் செய்வார். இந்த மலையில் என்ன இருக்கிறது என்று கேட்டுச் சண்டை போட்டுவிட்டுப் போன மகன். பேச்சு ஒரு நிமிடம் தாண்டாது. அப்புறம் பஸ் வரும்வரை என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து உத்தரவு போடுவார்.

“சாமி, அந்த வெறகு வெட்டறவன் சும்மா நிக்கறான் பாரு. ஏவி உடு.”

அவருக்கு அந்த ஆட்டத்தில் ஒரே ஒரு குறை. “மலை மட்டும் ஏன் செவுராட்டம் நிக்குது? ஏற முடியல, உழ முடியல. மலைமேல மனுசனே இல்லேன்னு நெனச்சுட்டானா இதைச் செஞ்சவன்?”

ஒருநாள் பாய் சேலத்திலிருந்து ஒரு இங்கிலீஷ் கம்ப்யூட்டர் பத்திரிகை வாங்கி வந்தார். அதே ஆட்டத்தைப் பற்றி இரண்டு பக்கம். “இதுக்குப் புதுசா ஒரு சிடி வருதாம். என்னென்னமோ சேத்திருக்கானாம்” என்று சொல்லிவிட்டு ஜெராக்ஸ் மெஷினுக்குப் போய்விட்டார்.

விவசாயி பத்திரிகையை என் மடியில் வைத்தார். “மலை வருதான்னு படிச்சுச் சொல்லு சாமி.”

எனக்குப் படிக்கத் தெரியாது என்று அப்போதே சொல்லியிருக்கலாம். படத்தில் கோட்டைக்குப் பின்னால் பச்சையாக ஒரு சரிவு, அதில் வரிவரியாகக் கோடுகள். அச்சில் இருந்த ஒரு வரிக்கு அடியில் விரலை வைத்து நகர்த்திக்கொண்டே, “மலையில வயல் போடலாம்னு போட்டுருக்குதுங்க” என்றேன்.

அடுத்த புதன்கிழமை கேள்விகளோடு வந்தார். “வரப்பு மண்ணா, கல்லா?”

“கல்லுதானுங்க.”

“பின்னே! மண்ணு வச்சா ஒரு மழைக்கு நிக்குமா?”

பதிலில் பாதியை அவரே எடுத்துக் கொடுத்தார். சாமை விதைக்கலாம், பாறையில் தேன் எடுக்கலாம், எதிரியின் குதிரைப்படை மேலே ஏறினால் மூச்சு வாங்கிப் பாதி பலம் போய்விடும். எல்லாம் அந்த இரண்டு பக்கத்தில் இருப்பதாகச் சொன்னேன். எனக்கே அப்படி ஒரு சிடி வந்தால் தேவலை என்று இருந்தது.

மூன்றாவது வாரம் பூத்துக்குள்ளிருந்து அவர் குரல் கடை முழுக்கக் கேட்டது. “கண்ணு, வெளிநாட்டுக்காரன் கம்ப்யூட்டர்லயே நம்ம மலை வெள்ளாமையைப் போட்டுட்டானாமா! என்ன இருக்குதுன்னு கேட்டீல்ல?” அன்று ஐந்து நிமிடம் பேசினார். வெளியே வந்து, “பையன் கோயில் நோம்பிக்கு ஊட்டுக்கு வர்றான். வந்து இதைப் பாக்கோணுமாம்” என்றார்.

இந்த மாதிரி சமயத்தில் நான் பஸ் ஏறிவிடுவதுதான் வழக்கம். ஆனால் மாட்டிக்கொள்ளப் போவது நான் மட்டுமில்லை. மகன் வந்து பார்த்துச் சிரித்துவிட்டுப் போனால், அப்புறம் அந்த ஒரு நிமிடப் போனும் இருக்காது. அடுத்த புதன்கிழமை சொல்லிவிட்டேன்.

“ஏனுங்கண்ணா, எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாதுங்க. படத்தைப் பாத்து நானாச் சொன்னதுங்க.”

“தேனு?”

“அதும் நாந்தானுங்க.”

“குதிரைக்கு மூச்சு வாங்கறது?”

“அதுமுங்க.”

பையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். கடைக்குள் இடம் இருந்தும் மழையில் நின்றே பஸ் ஏறினார். அன்று மகனுக்குப் போனும் செய்யவில்லை.

நோம்பிக்கு இரண்டு நாள் முன்னால் பாய் புது சிடியை வாங்கி வந்துவிட்டார். நோம்பி முடிந்த மறுநாள் மகன் கடைக்கு வந்தான். அப்பா உள்ளே வராமல் வாசலிலேயே ரோட்டைப் பார்த்து நின்றார். அவர் மகனிடம் உண்மையைச் சொல்லியிருக்கவில்லை என்பது அந்த நிற்பிலேயே தெரிந்தது. சிடியைப் போட்டேன். உள்ளே ஏற அரைமணி நேரமாகும். அதற்குள் எல்லாவற்றையும் அவனிடம் சொன்னேன்.

“அப்ப எங்கப்பன் சொன்னது பொய்யிங்களா?”

“பொய் என்னுதுங்க. அவர் அதை நம்புனாரு.”

பத்திரிகையை வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்தான். புதுக் கப்பல், பெரிய பீரங்கி, இன்னும் இரண்டு ராஜா. மலையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பிறகு படத்தைப் பார்த்தான். “இது வயலே இல்லீங்க. புல்லு. கோடெல்லாம் நெழலு.”

வாசலில் நின்றவருக்குப் பொறுக்கவில்லை. “நெழலா? நெழலு இப்படி அளந்து வச்சாப்புல விழுகுமாடா? கீழ பாரு, தண்ணி வடிய வழி உட்டிருக்கறான்.”

“மொதல்ல கண்ணாடியப் போட்டுட்டுப் பாருங்கப்பா.”

“கண்ணாடி உனக்குத்தான் வேணும்.” பேசிக்கொண்டே உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார்.

ஆட்டம் திறந்தது. ஒரு ஆளை மலைப்பக்கம் அனுப்பினேன். அடிவாரம் வரை போய் நின்றுவிட்டான். மலை அதே சுவர்தான். மகன் சிரிக்கப் போகிறான் என்று பயந்தேன். அவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“இதுல உட்டுட்டான். அடுத்த சிடில வச்சாலும் வப்பான். ஏம்ப்பா, சாமை எத்தன நாளுல வெளையற மாதிரி வப்பான்?”

“நாலு மாசம். அதுக்கு முன்னால எவனாலயும் வெளைய வைக்க முடியாது.”

“ஆட்டத்துல நாலு மாசமா? அதுக்குள்ள எதிரி வந்து ஊரையே கொளுத்திருவான்.”

“கொளுத்தறதுக்கு அவன் மேல ஏறி வரோணுமில்ல?”

வெளியே வாழவந்தி பஸ் ஹாரன் அடித்தது. இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை. பஸ் போய்விட்டது.

அவர் என் பக்கம் திரும்பினார். முகத்தில் சிரிப்பு இல்லை. “சாமி, படிச்சேன்னு சொல்லாத. நீ என்ன நெனைக்கற, அதைச் சொல்லு. குதிரை ஏறுமா, ஏறாதா?”

கொஞ்சம் யோசித்தேன். “பாதி மலை வரைக்கும் ஏறுமுங்க” என்றேன்.